மெழுகில் பிறந்த மனிதர்கள்
சிற்பி மீரா முகர்ஜியின் வெண்கலப் படைப்புகள் – ஓர் எளிய பாடம்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் ஊரிலிருந்து கொண்டு வந்த நடராஜர் ஒருவர் இருப்பார். கும்பகோணம் போனபோது வாங்கியதாகவோ, கல்யாணத்திற்கு யாரோ கொடுத்ததாகவோ இருக்கும். அவருக்குப் பக்கத்தில், இங்கே ஏதோ மேளாவில் வாங்கிய ஒரு யானையோ, குதிரையோ, மத்தளம் வாசிக்கும் ஆளோ நிற்கும். உடம்பு முழுதும் நூல் சுற்றினாற்போல் வரிவரியாக இருக்கும். அதுதான் டோக்ரா என்று சொல்லப்படும் வார்ப்பு.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சென்ற பூஜா விடுமுறையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அந்த யானையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, நடராஜர் வழவழன்னு இருக்கார். இந்த யானை மேல மட்டும் ஏன் நூல் சுத்தியிருக்கு?" என்று கேட்டான். முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலோடு சேர்ந்து வேறு சில விஷயங்களையும் சொல்ல வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று நான் பல வருடங்களாக யாரிடமும் சொல்லாதது. மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பரிடம் இதையே எழுதித் தருகிறேன் என்றேன்.

மெழுகு போய் உலோகம் வரும் வித்தை

முதலில் பாடம். அலமாரியில் இருக்கும் நடராஜரும் யானையும் ஒரே வித்தையில் பிறந்தவர்கள். செய்ய வேண்டிய உருவத்தை முதலில் மெழுகில் செய்துகொள்ள வேண்டும். அதன் மேல் நல்ல மண்ணைப் பூசிக் காய வைக்க வேண்டும். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஒரு துவாரம் வழியே வெளியே வந்துவிடும். மண்ணுக்குள் மெழுகு இருந்த இடம் வெற்றிடமாக இருக்கும். அதில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைத்தால் உருவம் கிடைக்கும். வடமொழிச் சிற்ப நூல்கள் இதை மதூச்சிஷ்ட விதானம் என்று கூறுகின்றன. மதூச்சிஷ்டம் என்றால் தேன் எடுத்த பின் மிஞ்சும் மெழுகு.

இது எவ்வளவு பழைய வித்தை என்றால், மொஹஞ்சதாரோவில் 1926-ஆம் ஆண்டு கிடைத்த நடன மங்கை இப்படி வார்க்கப்பட்டவள்தான். ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு வயதான அந்தப் பெண்ணின் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவளைக் காணலாம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பது ஊற்றுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். பாதியில் உலோகம் தீர்ந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண். அதற்காக மெழுகு உருவத்தை முதலில் எடை போடுவார்கள். வெண்கலத்தின் அடர்த்தி மெழுகைப் போல் சுமார் ஒன்பது மடங்கு. ஆகவே ஒரு கிலோ மெழுகு உருவத்திற்கு ஒன்பது கிலோ உலோகம் வேண்டும். சிந்துவதற்கும் சேதாரத்திற்கும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்ற நூலிலேயே மெழுகின் எடையிலிருந்து உலோகத்தின் அளவைக் காணும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நாங்கள் பாலிடெக்னிக்கில் அடர்த்தி என்று படித்ததை அவர்கள் தராசில் வைத்துப் படித்திருக்கிறார்கள்.

கன வார்ப்பும் கூடு வார்ப்பும்

இனி பேரனின் கேள்விக்கு வருவோம். நடராஜர் கன வார்ப்பு. அதாவது உள்ளே முழுவதும் உலோகம். மெழுகு உருவமே கெட்டியாகச் செய்யப்படுகிறது. வழிபாட்டுக்கு உரிய மூர்த்திகளை அப்படி வார்ப்பது நம் பக்கத்து மரபு. சுவாமிமலையில் காவிரி வண்டல் மண்ணைப் பூசி இன்றும் அவ்வாறே வார்க்கிறார்கள்.

யானை கூடு வார்ப்பு. உள்ளே முதலில் மண்ணால் ஒரு கரு செய்யப்படுகிறது. மண்ணோடு நெல் உமியைச் சேர்த்துப் பிசைந்து, யானையின் உருவத்தைச் சற்று மெலிந்தாற்போல் செய்து காய வைக்கிறார்கள். பிறகு தேன்மெழுகில் குங்கிலியம் போன்ற மரப்பிசினும் எண்ணெயும் கலந்து பதமாக்கி, சேவை நாழி போன்ற ஒரு குழாயில் இட்டுப் பிழிகிறார்கள். இடியாப்பம் போல் நூல் நூலாக மெழுகு வரும். அந்த நூலைக் கருவின் மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். கண், காது, மணி, மாலை எல்லாமே மெழுகு நூலும் மெழுகு உருண்டையும்தான். அதன் மேல் மெல்லிய மண், அதற்கு மேல் முரட்டு மண். சூட்டில் மெழுகு போனபின், கருவுக்கும் வெளி மண்ணுக்கும் நடுவே நூலின் பருமன் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். உலோகம் அந்த இடுக்கில்தான் பாய்கிறது. ஆகவே யானையின் மேல் தெரியும் வரிகள் அழகுக்காகப் பின்னால் செதுக்கியவை அல்ல. அந்த யானை உருவான விதமே அதன் மேல் எழுதப்பட்டிருக்கிறது.

இதில் உள்ள பொறியியலை எண்ணிப் பாருங்கள். பவுண்டரியில் முதலில் கற்றுக் கொடுக்கும் பாடம், வார்ப்பின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது. ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிதாகவும் இருந்தால் மெலிந்த இடம் முதலில் இறுகிச் சுருங்கும். தடித்த இடம் பின்னால் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். ஒரே துளையில் பிழிந்த நூலைச் சுற்றினால் சுவர் தானாகவே ஒரே கனமாக அமைந்துவிடுகிறது. கேஜ் வேண்டாம், காலிப்பர் வேண்டாம்.

அடுத்தது உமி. சுடும்போது உமி எரிந்து போய் மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டாகும். கொதிக்கும் உலோகம் உள்ளே வரும்போது அங்கிருக்கும் காற்றும் ஆவியும் அந்தத் துளைகள் வழியே தப்பிவிடும். தப்ப வழியில்லாவிட்டால் உலோகத்துக்குள் அகப்பட்டு 'புளோ ஹோல்' எனப்படும் காற்றுத்துளை விழும்.

மூன்றாவது சிக்கனம். பத்து சென்டிமீட்டர் விட்டமும் முப்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஓர் உருளையைப் பித்தளையில் கனமாக வார்த்தால் சுமார் 20 கிலோ ஆகும். அதையே மூன்று மில்லிமீட்டர் சுவருடன் கூடாக வார்த்தால் மூன்று கிலோவுக்கும் குறைவு. ஏழில் ஒரு பங்கு. உடைந்த குடத்தையும் பழைய பாத்திரத்தையும் வாங்கி உருக்குகிற ஏழைக் கைவினைஞர்கள் கண்டுபிடித்த வழி இது.

ஜக்தல்பூரில் ஒரு சந்தை

1980-களின் நடுவில் எனக்கு ஜக்தல்பூருக்கு மாற்றல் வந்தது. பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதற்காக 1960-களில் போடப்பட்ட கொத்தவலசா – கிரண்டுல் பாதை அந்த ஊர் வழியாகச் செல்கிறது. சுமார் 445 கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த குகைகள் மட்டும் ஐம்பதுக்கு மேல். நான் வண்டிகளின் சக்கரம், பிரேக் முதலியவற்றைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தேன். தாது ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜக்தல்பூர் அப்போது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சத்தீஸ்கர்.

அங்கே வாரச் சந்தையில் கட்வா என்னும் வார்ப்புக் கலைஞர்கள் துணி விரித்துப் பொம்மைகள் வைத்திருப்பார்கள். பஸ்தர் பகுதியில் பரம்பரையாக உலோகம் வார்க்கும் மக்கள் அவர்கள். அருகே கொண்டகாவ் என்னும் ஊர் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரிடம் யானை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பின்னங்காலில் மிளகு அளவு ஒரு காற்றுத்துளை. டிப்ளமோ படித்த மிடுக்கு எனக்கு. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "ஒவ்வொரு பொம்மைக்கும் மெழுகு சுற்றி, மண் பூசி, அதை உடைத்து, எதற்கு இந்த வீண் வேலை? மரத்தில் ஒரு பேட்டர்ன் செய்துகொண்டு மணலில் அச்சு எடுத்தால் ஒரே நாளில் நூறு யானை வார்க்கலாமே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறும் ஒரே யானையாக இருக்குமே பாபு" என்றார். அவ்வளவுதான். நான் பேரம் பேசி நாற்பது ரூபாய்க்கு அதை வாங்கி வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அன்று உறைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு பயிற்சிக்காகத் தில்லி சென்றிருந்தபோது நண்பர் ஒருவர் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வெண்கலச் சிற்பத்தின் முன் நின்றபோது, அந்தச் சந்தை யானையின் மேல் பார்த்த அதே மெழுகு வரிகளைக் கண்டேன். கீழே மீரா முகர்ஜி என்று பெயர் எழுதியிருந்தது.

யார் இந்த மீரா முகர்ஜி?

மீரா முகர்ஜி 1923-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தவர். சிறு வயதில் அவனீந்திரநாத் தாகூரின் வழிவந்த இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கத்தின் பள்ளியில் ஓவியம் பயின்றார். பிறகு தில்லி பாலிடெக்னிக்கில் படித்தார். 1953-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகர நுண்கலை அகாடமிக்குப் போய்ச் சிற்பம் கற்றார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் டோனி ஸ்டாட்லர் என்ற புகழ்பெற்ற சிற்பி. ஹிந்துஸ்தானி சங்கீதமும் முறையாகக் கற்றவர்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு ஒரு நல்ல ஸ்டூடியோவும் நகரத்துக் கண்காட்சியும் போதும். ஆனால் மீரா முகர்ஜிக்குத் தன் நாட்டு உலோக வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தாகம் இருந்தது. பஸ்தருக்குச் சென்றார். கட்வா கலைஞர்களின் குடிசை வாசலில் உட்கார்ந்து, கரு பிடிக்கவும் மெழுகு பிழியவும் அவர்களிடம் கற்றுக்கொண்டார். மியூனிக்கில் படித்த ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் மாணவியாக உட்கார்ந்தார் என்பதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. 1961 முதல் இந்திய மானிடவியல் ஆய்வுத் துறையின் ஆதரவில் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, உலோகம் வார்ப்போர், தட்டுவோர் ஆகியோரின் தொழில்முறை, கருவிகள், வாழ்க்கை, நம்பிக்கைகள் அனைத்தையும் குறித்து வைத்தார். அந்த ஆராய்ச்சி 1978-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பின்னாளில் அவர் வங்காளியில் எழுதிய நூலும் விசுவகர்மாவைத் தேடிய இந்தப் பயணத்தைப் பற்றியதுதான்.

கொல்கத்தாவுக்குத் தெற்கே நரேந்திரபூர் அருகே எலாச்சி என்ற கிராமத்தில் அவர் பட்டறை அமைத்துக்கொண்டார். சியால்டாவிலிருந்து தெற்கே போகும் லோக்கல் வண்டியில் கரியாவுக்கும் சோனார்பூருக்கும் இடையே உள்ள பகுதி அது. அந்த ஊர் மக்களையே துணைக்கு வைத்துக்கொண்டு மண் பிசைந்து, உலை மூட்டி, வார்த்தார். அங்கிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் காந்தா என்னும் வங்காளத் தையல் வேலையில் தங்கள் மனதில் தோன்றும் படங்களைத் தைக்கும்படி ஊக்குவித்தார். 1992-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது ஒரு பெரிய புத்தர் உருவத்தின் வேலை முற்றுப்பெறாமல் இருந்தது.

கொடியும் அலையும் மனிதர்களும்

மீரா முகர்ஜியின் சிற்பங்களில் யார் இருக்கிறார்கள்? படகு தள்ளுவோர், வலை வீசுவோர், நெசவாளர், மண் சுமக்கும் கூலிகள், பாவுல் பாடகர்கள், மரத்தடியில் உட்கார்ந்து இரும்பு அடிக்கும் கொல்லர்கள், கூட்டம் பிதுங்கும் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் கொல்கத்தாவாசிகள். மினிபஸ் என்றதும் உங்களில் பலர் சிரிப்பீர்கள். நாம் தினமும் வியர்த்துக்கொண்டு நின்ற அந்த வண்டி வெண்கலத்தில் ஏறிவிட்டது!

அவர் செய்த புதுமை என்ன? கட்வா கலைஞர்கள் நூலைச் சுற்றுவது பெரும்பாலும் ஒரு கையடக்கமான உருவத்துக்கு. மீரா முகர்ஜி அதே மெழுகு நூலையும் மெழுகுப் பட்டையையும் கொண்டு ஒரு கூட்டத்தையே, ஒரு நிலப்பரப்பையே பின்னினார். அவருடைய படகோட்டியின் முதுகில் ஓடும் வரி கீழே இறங்கித் தண்ணீரின் அலையாகிறது. மரத்தின் பட்டையில் ஓடும் வரி அதன் அடியில் வேலை செய்பவனின் தோளில் தொடர்கிறது. துணியின் மடிப்பு கொடியாகிறது, கொடி விரல்களாகிறது. மனிதன் எங்கே முடிகிறான், இயற்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

இதைக் கற்பனை என்று மட்டும் எண்ண வேண்டாம். தொழில்நுட்பமும் இதற்கு உடன்படுகிறது. உருகிய உலோகம் ஒரு மூலையில் புகுந்து மறு மூலை வரை தடையின்றி ஓட வேண்டும். தனித்தனியே நிற்கும் மெல்லிய கைகால்களுக்குள் போவதற்குள் அது ஆறிவிடக்கூடும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் உலோகத்துக்குப் பல வழிகள் கிடைக்கும். ஆற்றுக்கு வாய்க்கால் போல. அதனால்தான் அவருடைய மனிதர்களும் மரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கும்போது அது இயல்பாகத் தோன்றுகிறது என்பது என் எண்ணம். சங்கீதம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு ராகத்தை விரிக்கும்போது சுரத்துக்குச் சுரம் இழுத்துச் செல்வது போல அந்த வரிகள் செல்கின்றன என்று.

வழவழப்பாகத் தேய்த்து மினுக்குவதை அவர் விரும்பவில்லை. விரலால் மெழுகை அழுத்திய இடம், பட்டையை ஒட்டிய இடம் எல்லாம் உலோகத்தில் அப்படியே தெரியும். என் பேரனின் கேள்விக்கு அவருடைய சிற்பங்களே விடை. வேலை செய்த தடயத்தை ஏன் மறைக்க வேண்டும்?

கலிங்கத்தில் அசோகர்

அவருடைய படைப்புகளில் மிகப் பெரும் புகழ் பெற்றது 1972-ஆம் ஆண்டில் உருவான 'கலிங்கத்தில் அசோகர்'. ஏறக்குறைய இரண்டு ஆள் உயரம். ஒரே தடவையில் வார்க்க முடியாத அளவு என்பதால் பகுதி பகுதியாக வார்த்து இணைக்கப்பட்டது. இப்போது தில்லியில் ஐ.டி.சி. மௌரியா ஓட்டலில் இருக்கிறது.

வென்ற பின் வருந்தி நிற்கும் அரசன் அவன். அசோகரே தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர் என்று சொல்லி மனம் வருந்துகிறார். அதே கல்வெட்டில் தெற்கே உள்ள சோழர், பாண்டியர் பெயர்களும் வருகின்றன என்பது நமக்குத் தெரிந்த செய்தி. ஆனால் கலிங்கத்திலேயே, புவனேசுவரத்துக்கு அருகில் உள்ள தௌலியில் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு வெட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக அங்கே, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்ற கருத்துள்ள வேறு கல்வெட்டு இருக்கிறது. அடிபட்டவர்களிடம் போய் எத்தனை பேரைக் கொன்றேன் என்று சொல்ல அரசனுக்கு நா எழவில்லை போலும். பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கப் போகும் நம்மவர்கள் தௌலிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

இந்தச் சிற்பம் உருவான ஆண்டுகளை நினைவில் வையுங்கள். கொல்கத்தா தெருக்களில் நக்சல்பாரிக் கலவரம் நடந்த காலம். 1971-இல் வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான அகதிகள். அப்போது இந்நகரில் இருந்த ஒரு சிற்பி, வென்று களித்த அரசனை விட்டுவிட்டு வென்று வருந்திய அரசனைத் தேர்ந்தெடுத்தார். பஸ்தர் குடிசையில் கையளவு குதிரை வார்த்த அதே முறையில் இரண்டு ஆள் உயர அரசனை வார்க்கலாம் என்றும் காட்டிவிட்டார்.

அப்பா கேட்ட கேள்வி

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். என் தகப்பனார் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பவுண்டரியில் மோல்டராக இருந்தவர். முப்பது வருடம் மணல் அச்சு எடுத்தவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது காதுக்குள் கூடக் கரி இருக்கும். முன்கையில் உலோகம் தெறித்த வடுக்கள் அம்மைத் தழும்பு போல் இருக்கும். என்னை டிப்ளமோ படிக்க வைத்ததே நான் அந்த மணலில் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான். நானும் இறங்கவில்லை. பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'ரயில்வே உத்தியோகம்' என்று எழுதினேன். பிறகு எனக்குப் பெண் பார்த்தபோதும் அப்படியே சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜக்தல்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் போனபோது அந்த யானையை எடுத்துச் சென்றிருந்தேன். அப்பா ஓய்வு பெற்றுத் திண்ணையில் இருந்தார். கண் அவ்வளவாகத் தெரியாது. யானையைக் கையில் வாங்கி, கட்டை விரலால் முதுகு, வயிறு, கால் என்று மெதுவாகத் தடவினார். பிறகு திருப்பி, வயிற்றுக்கு அடியில் விரலால் சுண்டி ஓசை கேட்டார்.

"சுவர் எங்கயும் ஒரே கனம். கோர் துளிகூட நகரலை. இந்தக் கால்ல மட்டும் கொஞ்சம் காத்து நின்னுடுச்சு. மண்ணு சரியாக் காயலை, மழை நாளா இருந்திருக்கும்" என்றார். பிறகு, "கெட்டிக்காரன்டா. பேரென்ன அவனுக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. பேட்டர்ன் செய்யச் சொல்லி உபதேசம் பண்ணியவன், எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. "கேக்கலைப்பா" என்றேன். அப்பா யானையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தில்லியில் அந்தச் சிற்பத்தின் முன் நின்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பிறகுதான் மீரா முகர்ஜியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஊர் ஊராகப் போய் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதியவர் அவர். நான் அந்த ஊரிலேயே மூன்று வருடம் இருந்தவன். வித்தியாசம் படிப்பில் இல்லை. மறுபடி ஜக்தல்பூர் சந்தைக்குப் போய்த் தேடினேன். அந்தப் பெரியவர் கண்ணில் படவில்லை. ஆனால் ஊரில் அப்பாவின் அருகில் உட்கார்ந்து, அவர் வார்த்த பொருள்களைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் நான்கு வருடம் கிடைத்தது. மேலே நான் எழுதிய பவுண்டரிப் பாடத்தில் பாதி பாலிடெக்னிக்கில் படித்தது. மீதிப் பாதி அந்தத் திண்ணையில் படித்தது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது

நம் பிள்ளைகள் வங்காளியும் ஆங்கிலமும் கலந்து பேசி வளர்கிறார்கள். அலமாரியில் இருக்கும் நடராஜரும் டோக்ரா யானையும் அவர்களுக்கு இரண்டு ஊர்களையும் சொல்லித் தரும் பாடப் புத்தகங்கள். அடுத்த முறை அவற்றைத் துடைக்கும்போது கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

ஒன்று: இரண்டையும் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். எது கனம், எது கூடு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். விரலால் சுண்டினால் ஓசையும் வேறுபடும்.

இரண்டு: டோக்ரா உருவத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கருவின் மண் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மண் நெருப்பைக் கண்ட மண் என்று சொல்லிக் கொடுங்கள்.

மூன்று: மெழுகு நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடரச் சொல்லுங்கள். வீட்டில் இடியாப்ப மாவு இருந்தால் ஓர் உருளைக்கிழங்கின் மேல் சுற்றியும் பார்க்கலாம். என் பேரன் சுற்றினான். சமையலறைக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நான் பொறுப்பேற்றேன்.

நான்கு: இயன்றால் வார்ப்பவர்களின் ஊருக்கே அழைத்துச் செல்லுங்கள். பாங்குராவுக்கு அருகில் பிக்னா, பூர்வ பர்தமான் மாவட்டத்தில் குஸ்கரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தரியாபூர் ஆகிய கிராமங்களில் டோக்ரா வேலை நடக்கிறது. ஊருக்குப் போகும்போது சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். தில்லியில் உள்ள நம் அன்பர்கள் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மீரா முகர்ஜியின் சிற்பங்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஐந்து: எதை வாங்கினாலும் செய்தவரின் பெயரைக் கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் பெயர், ஊர், தேதி எழுதி உருவத்துக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

சென்ற மாதம் நானும் பேரனும் தரியாபூர் போய் வந்தோம். ஓர் ஆந்தை வாங்கினோம். விலை பேசுவதற்கு முன்பே அவன் தன் சுத்தமான வங்காளியில் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டான். இப்போது ஆந்தையின் அடியில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. யானையின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஊரும் வருடமும் மட்டும் இருக்கின்றன.